குன்னூரில் மூன்று வருட ஆயில் சர்வீஸ்: எங்கள் டிசையரும் பெட்ஃபோர்டு பக்கத்துப் பட்டறையும்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி காலை. பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து, வைப்பர் தண்ணீர் ஊற்றலாம் என்று பானெட்டைத் தூக்கினேன். கை சும்மா இருக்காமல் பக்கத்திலிருந்த ஆயில் மூடியையும் திருகிப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் மஞ்சளும் வெள்ளையுமாக, திரிந்த பால் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டால் வழவழவென்று வந்தது. எஞ்சினின் மேல் பாகத்துக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்தால் இப்படித்தான் ஆகும் என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வர, வயிற்றில் புளியைக் கரைத்தது.

வண்டி 2016 டிசையர் பெட்ரோல். அதுவரை கீழே சமவெளியில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில்தான் விட்டுக்கொண்டிருந்தோம். அவர்களுக்குப் போட்டோ அனுப்பினேன், எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். பயத்தோடு மலை இறங்க மனசு வரவில்லை. எதிர் வீட்டு அண்ணா, பெட்ஃபோர்டு பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள் என்றார். அன்றிலிருந்து அந்தப் பட்டறைதான். மூன்று வருடத்தில் ஆறு தடவை ஆயில் மாற்றியிருக்கிறேன். மலையில் கார் வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக தினமும் பக்கத்திலேயே ஓட்டுபவர்களுக்கு, இது பயன்படும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதல் நாள் அந்த மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. கூலன்ட் டப்பாவில் அளவு பார்த்தார், குறையவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டறீங்க அக்கா?"

ஸ்கூலுக்கு இரண்டு கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு ஒன்றரை, அம்மா வீட்டுக்கு அருவங்காடு வரை வாரம் ஒரு தடவை என்றேன்.

"அப்ப வண்டி சூடாகறதே இல்லை. நாளைக்கு கல்லார் வரைக்கும் இறங்கி, ஒரு டீ குடிச்சுட்டு ஏறி வாங்க. வந்ததும் மூடியைத் திறந்து பாருங்க, அப்புறம் பேசலாம்."

அப்படியே செய்தேன். பர்லியார் தாண்டி கல்லார் வரை இறங்கி, திரும்ப பதினாலு கொண்டை ஊசி வளைவும் இரண்டாவது கியரில் ஏறி வந்து, ஆற விட்டு மூடியைத் திறந்தேன். முக்கால்வாசி காணாமல் போயிருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

காரணம் எளிமையானதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். குளிர்காலக் காலையில் சைலன்ஸரிலிருந்து சொட்டுகிறதே, அதுதான் அது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகப் போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் சம்ப்புக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் ஆயில் சூடாகவே ஆகாது, மீட்டரில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தாலும் அது கூலன்ட்டின் சூடுதான், ஆயில் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் சூடேறும். அதனால் அந்த ஈரம் உள்ளேயே தங்கி, குளிர்ந்த மூடியில் போய்ப் படிந்து ஆயிலோடு கலந்து இப்படி ஆகிவிடுகிறது. அதோடு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் அதிகம் தெளிக்கப்படும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் சேரும். அவர் டிப்ஸ்டிக்கை முகர்ந்தது அதற்காகத்தான். எனக்கும் காட்டினார், லேசாகப் பெட்ரோல் வாடை அடித்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்தாலோ, டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் காபி நிறத்தில் வந்தாலோ, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினாலோ இந்தக் கதை பொருந்தாது. அப்போது வண்டியை ஓட்டாமல் உடனே காட்டுங்கள்.

எங்கள் வண்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்றது. பெட்ரோல் சேர்ந்தது ஒரு காரணம் என்றால், கடைசி சர்வீஸில் மூன்றரை லிட்டர் கேனை முழுசாகக் கவிழ்த்திருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். பில்லை எடுத்துப் பார்த்தால் 3.5 லிட்டர் என்றே போட்டிருந்தது. ஆயில்தானே, கூட இருந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அளவு மீறினால் சுற்றுகிற கிராங்க் ஆயிலில் அடித்து நுரை எழும்பும், பம்ப் அந்த நுரையைத்தான் உறிஞ்சி மேலே அனுப்பும், நுரையால் உலோகத்தைக் காப்பாற்ற முடியாது. அதே பில்லில் எஞ்சின் ஃபிளஷ் என்று ஒரு தொகை, ஆயிலில் கலக்கும் ஏதோ மருந்து என்று ஒரு தொகை. ஒழுங்காக ஆயில் மாற்றி வரும் எஞ்சினுக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. நல்ல ஆயிலிலேயே அழுக்கைக் கரைக்கும் சரக்கெல்லாம் கலந்துதான் வருகிறது.

இனி எந்த ஆயில் என்பதற்கு வருகிறேன். இதில்தான் எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது.

மாமனார் அந்தக் காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்தவர். மலை ஏறுகிற வண்டிக்கு கெட்டியான ஆயில்தான் வேண்டும், 20டபிள்யூ-50 ஊற்றினால்தான் இழுவைக்குத் தாங்கும் என்பார். இங்கே எஸ்டேட் ஜீப் ஓட்டும் பலரும் இதையேதான் சொல்வார்கள். அவர்கள் வண்டிக்கு அது சரி. பழைய எஞ்சினில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், அதை நிரப்ப கெட்டியான ஆயில் தேவைப்பட்டது. எங்கள் டிசையரின் எஞ்சினில் வால்வு நேரத்தை மாற்றும் விவிடி இருக்கிறது, அது ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, ஆயில் போகும் வழிகளும் மெல்லியவை. இதில் போய் கெட்டி ஆயிலை ஊற்றினால் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை அது ஏற நேரம் பிடிக்கும். எஞ்சின் அதிகமாகத் தேய்வது ஆயில் போய்ச் சேரும் முன் இருக்கும் அந்தச் சில நொடிகளில்தான். குன்னூரில் டிசம்பர் ஜனவரி காலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஊட்டியில் தலைகுந்தா பக்கம் புல் மேல் உறைபனியே விழும்.

கேன் மேல் போட்டிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். 5டபிள்யூ-30 என்றால், முன்னால் இருப்பது குளிருக்கு, பின்னால் இருப்பது சூட்டுக்கு. டபிள்யூ என்பது எடையைக் குறிப்பதில்லை, குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் எஞ்சினைச் சுற்ற விடும் அளவுக்கு இளகி இருக்கிறதா என்று சோதித்தது; 10டபிள்யூ மைனஸ் 25, 20டபிள்யூ மைனஸ் 15. நீலகிரிக்கு மைனஸ் முப்பது வரப்போவதில்லை, 20டபிள்யூ ஊற்றினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். ஆனால் முன் எண் சிறியதாக இருந்தால் நம் ஊர்க் குளிரிலும் ஆயில் சீக்கிரம் மேலே ஏறுகிறது, அதுதான் எனக்கு வேண்டியது. பின்னால் உள்ள 30, 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு. மலை ஏற்றத்துக்குக் கவலைப்படுகிறவர்கள் பார்க்க வேண்டியது இந்தப் பின் எண்ணைத்தான். 5டபிள்யூ-30யும் 10டபிள்யூ-30யும் சூடான பிறகு ஒரே வகுப்புதான். ஐந்து என்று போட்டிருப்பதால் ஏற்றத்தில் தண்ணீராகிவிடும் என்பது தவறான பயம்.

இதையெல்லாம் மாமனாரிடம் கைப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார். "சரிம்மா, கம்பெனிக்காரன் போட்டிருக்கறதையே ஊத்து" என்றார். எங்கள் வண்டிக்குப் போட்டிருந்தது 5டபிள்யூ-30. உங்கள் வண்டிக்கும் அதையே ஊற்றிவிடாதீர்கள். புதிதாக வரும் வண்டிகளில் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 கூடச் சொல்கிறார்கள். டீசல் வண்டி, அதுவும் புகை வடிகட்டி வைத்து வரும் புது டீசல் என்றால் கணக்கே வேறு.

அப்புறம் ஏபிஐ எழுத்து, அதாவது ஆயிலின் தரத்தைச் சொல்லும் அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் குறி. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல், சி என்று தொடங்கினால் டீசல். எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல் வந்தது. எஸ்என் கேட்கும் வண்டிக்கு எஸ்பி ஊற்றலாம். எங்கள் எஞ்சினில் கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் இணைப்பது டைமிங் செயின். எஸ்பி தரத்தில் செயின் தேய்மானத்துக்கும் தனியாக ஒரு சோதனை உண்டு, அதனால் எஸ்பியே வாங்குகிறேன்.

பிராண்ட்? ஆறு தடவையில் காஸ்ட்ரால் மேக்னடெக், ஷெல் ஹீலிக்ஸ், சர்வோ, மாருதியின் சொந்தப் பெயரில் வருவது என்று நான்கும் ஊற்றிப் பார்த்துவிட்டேன். கிரேடும் ஏபிஐ எழுத்தும் ஒன்றாக இருந்தவரை ஓட்டும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிக்கப் கூடியது, சத்தம் குறைந்தது என்று சொல்பவர்கள் பழைய ஆயிலிலிருந்து புது ஆயிலுக்கு மாறிய வித்தியாசத்தைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன், அது எந்தப் பிராண்டிலும் தெரியும். இப்போது கவனிப்பது ஒன்றே ஒன்று: கேன் அசலா என்பது. பங்க்கிலோ அந்தக் கம்பெனியின் டீலரிடமோ மட்டும் வாங்குகிறேன், மூடியின் சீல், தயாரித்த மாதம், பேட்ச் எண் மூன்றையும் பார்க்கிறேன். பட்டறை அண்ணன் ஊற்றி முடித்ததும் காலி கேனில் ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு ஓட்டை போட்டு லேபிளையும் குறுக்கே கிழித்துவிடுவார். காலி கேனை விலைக்கு வாங்கி, கண்ட ஆயிலை நிரப்பி விற்கிறவர்கள் கையில் அது மறுபடி போகக்கூடாது என்பதற்காக. சொல்லாமலே செய்வார். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்த இடங்களில் இதுவும் ஒன்று.

வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நான் அங்கேயே நிற்கிறேன், நிற்க விடுகிறார். எஞ்சின் லேசான சூட்டில் இருக்கும்போது வண்டியைக் குழி மேல் ஏற்றுவார். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் முதலில் கருப்பாக வேகமாக விழும், அப்புறம் நூல் மாதிரி, அப்புறம் சொட்டு. அந்தச் சொட்டு நிற்கும் வரை விட்டுவிடுவார், கால் மணி நேரமாவது ஆகும். பழைய சென்டரில் இந்தக் கால் மணி நேரத்துக்கு யாரும் நின்று நான் பார்த்ததில்லை. போல்ட்டுக்குப் புது வாஷர், ஒவ்வொரு தடவையும். பத்து இருபது ரூபாய்ப் பொருள்தான், அதை மாற்றாமல் விட்டதால் எங்கள் ஷெட் சிமென்ட்டில் ஒரு வருடம் கருப்பு வட்டம் இருந்தது. ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார், புது ஃபில்டரின் வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே திருகி முக்கால் சுற்று இறுக்குவார். எல்லாம் முடிந்ததும் பனியன் வேஸ்ட்டால் சம்ப்பைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார், அப்போதுதான் நாளைக்குக் கசிந்தால் தெரியும் என்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது அளவு பார்க்கும் இடம். குன்னூரில் சமமான தரை எங்கே இருக்கிறது? எங்கள் ஷெட் ரோட்டைப் பார்த்துச் சரிந்திருக்கும். அங்கே டிப்ஸ்டிக் பார்த்தால் ஆயில் ஃபுல் என்று காட்டும், அதே நாள் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தால் பாதி என்று காட்டும். இவர் பட்டறை மூலையில் மேஸ்திரியை வைத்து ரசமட்டம் பிடித்து ஒரு கார் நிற்கும் அளவுக்குத் தளம் போட்டு, நாலு சக்கரமும் நிற்கும் இடத்தை மஞ்சள் பெயின்ட்டால் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஊற்றுவது முதலில் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அந்த மஞ்சள் கட்டத்தில் வைத்துத்தான் மீதியை ஊற்றி மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துவார். கேனில் மிஞ்சியதை மூடிக் கையில் கொடுத்துவிடுவார். அதை டிக்கியில் வைத்திருக்கிறேன்.

அது தேவைப்படுகிறது. மலையில் வண்டி ஆயில் குடிக்கும், கொஞ்சம்தான், ஆனால் குடிக்கும். கீழே இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே பிடித்து வருகிறோம் அல்லவா, அப்போது எஞ்சினுக்குள் உறிஞ்சும் சக்தி அதிகமாகி, ரிங் வழியாகவும் வால்வு கைடு வழியாகவும் துளித் துளியாக ஆயில் உள்ளே இழுபடும். அதற்காக நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள், பிரேக் போய்விடும், உயிருக்கே ஆபத்து. ஏறும்போது வேறு விதம்: ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான், டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் அந்த அளவுக்குக் குறைகிறது, நாம் சின்ன கியரில் அதிகச் சுற்றில் ஓட்டி ஈடுகட்டுகிறோம், அதிலும் கொஞ்சம் ஆயில் போகும். போன வருடம் சித்திரையிலிருந்து ஐப்பசி வரை எங்கள் வண்டி கால் லிட்டர் குடித்திருந்தது. மாதம் இரண்டு தடவை டிப்ஸ்டிக் பார்க்கிறேன், காலையில், காற்று அடிக்கும் பங்க்கில், அங்கே தரை கிட்டத்தட்ட சமம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? கம்பெனிக் கணக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். நாங்கள் வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம், அதனால் ஒரு வருடம் தாராளமாகத் தாங்கும் என்று நினைத்திருந்தேன். நினைப்பு தப்பு. குறைந்த தூரம், குளிர், ஏற்ற இறக்கம், இவையெல்லாம் ஆயிலுக்குக் கடினமான பயன்பாடு, அப்படி ஓட்டுகிறவர்கள் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று கைப்புத்தகத்தின் பின்பக்க அட்டவணையிலேயே இருக்கிறது, நாம்தான் அதுவரை புரட்டுவதில்லை. தினமும் கோயம்புத்தூர் போய் வருகிற வண்டியின் 10,000 கிலோமீட்டரை விட என் இரண்டு கிலோமீட்டர் ஸ்கூல் ஓட்டம்தான் ஆயிலைக் கெடுக்கிறது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன், மே மாத சீசன் கூட்டம் தொடங்கும் முன் ஒன்று, கார்த்திகை மழை விட்ட பிறகு ஒன்று. நடுவில் மாதம் ஒரு தடவை வேண்டுமென்றே கோத்தகிரி வரையாவது ஓட்டிவிட்டு வருகிறேன். அந்தத் திரிந்த பால் இந்த ஜனவரியில் மூடியில் லேசான பனித்துளி அளவுக்கு மேல் வரவில்லை.

செலவு: போன தடவை 3.5 லிட்டர் கேன் 1,720, ஃபில்டர் 110, வாஷர் 15, கூலி 300. மொத்தம் 2,145 ரூபாய். வருடத்துக்கு இரண்டு தடவை என்றாலும் பழைய சென்டரின் ஒரு பில்லை விடக் குறைவு.

பழைய ஆயிலை என்ன செய்கிறார் என்று கேட்டேன். நீல டிரம்மில் சேர்த்து வைத்து, மறுசுழற்சிக்கு எடுக்கிற லைசென்ஸ் உள்ளவர்களுக்குக் கொடுக்கிறாராம், டிரம்மையும் சீட்டையும் காட்டினார். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். நம் ஊரில் ஓடையில் விட்டால் அது குன்னூர் ஆற்றில் இறங்கி, கீழே பவானியில் போய்ச் சேரும், அதைக் குடிக்கிற ஊர்கள் எத்தனை. வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் தயவுசெய்து பழைய ஆயிலைக் கேனில் பிடித்து ஒரு பட்டறையில் கொடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. உட்கார இடமில்லை, மழை பெய்தால் சாரல் உள்ளே வரும். கம்ப்யூட்டர் பில் கிடையாது, கையால் எழுதித்தான் தருவார், வாரன்ட்டி இருக்கும் வண்டிக்கு இது சரிப்படாது, அவர்கள் கம்பெனி சர்வீஸிலேயே பில்லோடு மாற்றுவதுதான் நல்லது. 0டபிள்யூ-20 அவரிடம் இருப்பு இருக்காது, நீங்களே வாங்கிப் போக வேண்டும். போன் பெரும்பாலும் எடுக்க மாட்டார், நேரில் போய்ச் சொல்லி வைத்துவிட்டு வருவது உத்தமம். சனிக்கிழமை டாக்ஸிக்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். செவ்வாய், புதன் காலை பத்து மணிக்குள் போனால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். போர்டு எதுவும் கிடையாது, பெட்ஃபோர்டில் இறங்கி ஆயில் மாற்றுகிற பட்டறை என்று எந்த டாக்ஸிக்காரரைக் கேட்டாலும் காட்டுவார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டம் தெரிந்தால் அதுதான் இடம்.